நகத்தில் திரும்பும் நிறம்

நாங்கள் இருவரும் இங்கே எழுதியவை பெரும்பாலும் நூல்களைப் பற்றியவை. சொந்த வாழ்வைப் பற்றி எழுத எங்களுக்கு எப்போதுமே கூச்சம் உண்டு. ஆனால் எங்கள் அலமாரியில், சிறுபத்திரிகைத் தொகுப்புகளுக்கு நடுவே, ஒரு நீலநிறக் கோப்பு இருக்கிறது. எங்கள் மகனின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அதில் உள்ளன. எந்தக் கவிதையையும் வாசித்ததைவிட அதிகத் தடவை அவற்றை வாசித்திருக்கிறோம். அவற்றில் எதைத் தேடினோம், அது கிடைத்ததா என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. மகனிடம் படித்துக்காட்டி, அவன் சரியென்ற பிறகே எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டு ஆடி மாதம். உடுமலைப்பேட்டையில் ஆடி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் அந்தக் காற்று ஊரைச் சுற்றியுள்ள காற்றாலைகளைச் சுழற்றும், கொடியில் காயும் துணியைப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போடும், தாழிடாத கதவுகளை அறைந்து சாத்தும். அன்றும் அப்படித்தான் கதவு அறைந்தது என்று நாங்கள் எல்லோரிடமும் சொன்னோம்.

நடந்தது இதுதான். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு; சில தாள்களில் தேறவில்லை. அன்று மாலை அவன் வந்து, இந்தப் படிப்பை விட்டுவிட்டு வரலாறு படிக்க விரும்புவதாகச் சொன்னான். தந்தையின் பேச்சில் மகன் நொறுங்கும் காட்சி வரும் நாவல்களை நாங்கள் எத்தனையோ முறை சிலாகித்திருக்கிறோம். பிள்ளைகளின் விருப்பத்தை மதிக்காத சமூகத்தைப் பற்றிக் கூட்டங்களில் பேசியும் இருக்கிறோம். ஆனால் அன்று எங்கள் வாயிலிருந்து வந்தவை எந்த வீட்டிலும் வரக்கூடிய சொற்களே. பணம், உறவினர்கள், எதிர்காலம் என்று சுற்றி, கடைசியில், “உன்னால எங்களுக்கு அவமானம்” என்பதில் போய் நின்றது. அந்த வாக்கியத்தைச் சொன்னது எங்களில் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஒருவர் சொன்னபோது மற்றவர் தடுக்கவில்லை. ஆகவே இருவரும் சொன்னதாகவே இருக்கட்டும்.

அவன் பதில் பேசாமல் எழுந்து பின்கட்டுப் பக்கம் போனான். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவிலுள்ள கதவின் மேற்பாதி கண்ணாடி. சத்தம் கேட்டுத் திரும்பினோம். அவன் வலது கை மணிக்கட்டு வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெளியே இழுத்தபோது இரத்தம் வழியவில்லை. நாடித்துடிப்பின் கணக்கில் விட்டுவிட்டுத் தெறித்தது. கையில் கிடைத்த துண்டைச் சுற்றி அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடியே ஓடினோம்.

உள்ளூர் மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் பஞ்சுக்கட்டை வைத்து அழுத்திக் கட்டினார். இரண்டு தமனிகளும் போயிருப்பதாகத் தெரிகிறது, ஆறு மணி நேரத்துக்குள் கைக்கு இரத்தம் திரும்ப வேண்டும், கோவைக்குக் கொண்டுபோங்கள் என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து, “எப்படி ஆச்சுங்க?” என்றார். நாங்கள் இருவரும் ஒரே குரலில், “காத்துல கதவு அடிச்சுதுங்க. கைய வெச்சுட்டான்” என்றோம். முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. எழுபது கிலோமீட்டர் கடந்து கோவை மருத்துவமனையிலும், விசாரிக்க வந்த காவலரிடமும் அதையே சொன்னோம். மகன் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

*

மணிக்கட்டுக்குள் இரண்டு தமனிகள் வருகின்றன. கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்னார். இரண்டும் உள்ளங்கைக்குள் சென்று வளைவுகளாக ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு ஒன்று அடைபட்டாலும் மற்றது கையைக் காப்பாற்றிவிடும். 1929இல் அமெரிக்க மருத்துவர் எட்கர் ஆலன் இதைச் சோதிக்க ஓர் எளிய வழி சொன்னார். கையை இறுக மூடச்செய்து, தமனியை விரலால் அழுத்தி, பின் கையைத் திறந்தால் வெளுத்த உள்ளங்கைக்கு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பது. இன்று அது சற்று மாறிய வடிவில், இரு தமனிகளையும் அழுத்தி ஒன்றை மட்டும் விடுவித்துப் பார்க்கும் சோதனையாக உலகெங்கும் நடக்கிறது.

எங்கள் மகனுக்கு அல்னார் தமனி முற்றாக அறுந்திருந்தது. அதோடு ஒட்டிச் செல்லும் நரம்பும் இரண்டு தசைநாண்களும் அறுந்திருந்தன. ரேடியல் பாதி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. பாதிதான் என்று கேட்டதும் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. அறுவை மருத்துவர் ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்து அதைத் திருத்தினார். முழுதாக அறுந்த தமனியின் முனைகள் தசைக்குள் பின்வாங்கிச் சுருங்கிக்கொள்ளும். பெருக்கு தானாகவே குறையும். பாதி அறுந்தது அப்படிச் சுருங்க முடியாது. மீதிப் பாதி அதை இழுத்துப் பிடித்துக் காயத்தைத் திறந்தே வைத்திருக்கும். வழியெல்லாம் துண்டு நனைந்ததற்கு அதுவே காரணம்.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாயை, நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் சுற்றித் தைக்க வேண்டும். இரத்தக்குழாயைத் தைக்கும் இக்கலைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1894இல் பிரான்சின் லியோன் நகரில் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை அறுந்து, தைக்க வழியறியாமல் மருத்துவர்கள் நிற்க, இறந்துபோனார். அந்நகரில் மருத்துவ மாணவராக இருந்த அலெக்சி கரேல் இதை மறக்கவில்லை. பூத்தையல் வேலையில் தேர்ந்த ஒரு பெண்மணியிடம் நுண்ணிய ஊசியைக் கையாளக் கற்றார். குழாயின் வட்டத்தை மூன்று இழைகளால் மூன்று பக்கமும் இழுத்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார்; 1912இல் நோபல் பரிசு பெற்றார். பிற்காலத்தில் மனித இனத்தைத் தரம் பிரிப்பது பற்றி அவர் எழுதியவை ஏற்கத்தக்கவை அல்ல. எனினும் அந்தத் தையல் எங்கள் மகனின் கையில் இருக்கிறது.

*

விடிந்ததும் முதல் அறிக்கை வந்தது. அனுமதியின்போது எடுத்ததையும் அறுவைக்குப் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெள்ளணுக்கள் 14,200இலிருந்து 17,400 ஆகியிருந்தன. நியூட்ரோஃபில் 78 சதவீதத்திலிருந்து 88. லிம்ஃபோசைட் 16இலிருந்து 7. ஹீமோகுளோபின் 9.6. தமனிகளைத் தைத்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் முதல் சில நாட்களில் அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியில் தேடத் தொடங்கினோம். தேடுகிறவனுக்கு அச்சத்துக்குத் தீனி எப்போதும் கிடைக்கும். நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்தால் வரும் விகிதம் ஒன்று உண்டு என்றும், அது உயர்ந்திருப்பவர்களுக்குத் தைத்த தமனி அடைபடும் வாய்ப்பு கூடுதலாக இருக்கலாமென்று சில ஆய்வாளர்கள் கருதுவதாகவும் படித்தோம். நலமாக இருப்பவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று வரை. எங்கள் மகனுக்கு, 88ஐ 7ஆல் வகுத்தால், பன்னிரண்டரைக்கு மேல். பரீட்சை மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலைச் சுற்றுக்கு வந்த பயிற்சி மருத்துவர், நாங்கள் தாளோடு நிற்பதைக் கண்டு சிரித்தார். “அக்கா, இங்க வாங்க. அண்ணா, நீங்களும்” என்று அருகே கூப்பிட்டு, மகனின் நடுவிரல் நகத்தை அழுத்தினார். நகம் வெளுத்தது. விட்டார். இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பியது. “இதுதான் ரிப்போர்ட். மணிக்கொருதரம் பாருங்க. நெறம் வர நேரமாச்சுன்னாலும், விரல் நீலமாச்சுன்னாலும், சில்லுன்னு ஆச்சுன்னாலும் உடனே கூப்பிடுங்க. அந்தப் பேப்பர நாங்க பாத்துக்கறோம்.” விகிதத்தைப் பற்றிக் கேட்டோம். அடிபட்டு, ஐந்து மணி நேரம் அறுவையும் நடந்த உடம்பில் முதல் நாள் அது ஏறாமல் இருந்தால்தான் வியப்பு என்றார். ஒரு நாள் எண்ணுக்குப் பொருள் குறைவு. எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம்.

அன்றிலிருந்து நாங்கள் முறைவைத்து நகம் பார்த்தோம். இரவு பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஒருவர் கண்ணயரும்போது மற்றவர். அவன் பத்து வயதைத் தாண்டிய பிறகு நாங்கள் அவன் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்க அவனால் ஆகாது என்பதும் உண்மைதான்.

அந்த இரவுகளில்தான் இரத்த அணுக்களைப் பற்றி நிதானமாக வாசித்தோம். 1882இல், இத்தாலியின் மெசினா நகரில், இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர், குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த வேளையில், நட்சத்திரமீனின் கண்ணாடிபோன்ற இளம் உயிருக்குள் முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது, இடம்பெயரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. உடல் தன்னைக் காத்துக்கொள்ள அணுக்களை அனுப்புகிறது என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அதே ஆண்டில், அதே நாட்டின் டூரின் நகரில், ஜூலியோ பிட்சோசேரோ இரத்தத் தட்டணுக்களை விளக்கி எழுதினார். கிழிந்த குழாயின் சுவரில் முதலில் போய் ஒட்டிக்கொள்பவை அவையே என்று காட்டினார்.

எங்கள் மகனின் மணிக்கட்டிலும் அந்த வரிசையிலேயே எல்லாம் நடந்திருக்கும். முதலில் தட்டணுக்கள் திரண்டு அடைப்பை இடுகின்றன. திசுக்களை வளரத் தூண்டும் பொருள்களையும் வெளியிடுகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் வந்து கிருமிகளையும் சிதைந்த திசுவையும் விழுங்கி, அங்கேயே மடிகின்றன. இரண்டு மூன்று நாட்களில் மேக்ரோஃபேஜ் எனும் பெருவிழுங்கிகள் வந்து, மடிந்தவற்றை அகற்றி, கட்டும் பணிக்கு இடம் ஒதுக்குகின்றன. குழாயின் உட்புறத்தில் தையலின் மேல் மெல்லிய தோல்போன்ற படலம் வாரக்கணக்கில் படர்ந்து மூடுகிறது. இதில் ஒரு முரண் இருக்கிறது. தோலின் காயத்தை மூடும் அதே தட்டணுக்கள் தமனிக்குள் அளவுமீறித் திரண்டால், காப்பாற்ற வேண்டிய வழியையே அடைத்துவிடும். ஆகவே அவை சற்றுக் குறைவாக ஒட்டுவதற்காக தினமும் ஒரு சிறு ஆஸ்பிரின் மாத்திரை. ஆற வேண்டும், ஆனால் அடைத்துக்கொண்டு ஆறக்கூடாது.

மூன்றாம் நாள் விகிதம் ஐந்தரைக்கு வந்தது. ஐந்தாம் நாள் வெள்ளணுக்கள் 9,300. நியூட்ரோஃபில் 67, லிம்ஃபோசைட் 25. விகிதம் மூன்றுக்குள் இறங்கிவிட்டது. பத்தாம் நாள் தட்டணுக்கள் 5,10,000 என்று வந்தபோது மறுபடி பயந்தோம். பெரிய காயத்துக்குப் பிறகு இரண்டாம் வாரத்தில் இப்படி ஏறுவது வழக்கம், தானே இறங்கும் என்றார்கள். இறங்கியது.

*

இதுவரை எழுதியது பெற்றோர் எவரும் எழுதக்கூடியது. நாங்கள் எழுத வந்தது இனிமேல்தான்.

அந்த விகிதத்தை நாங்கள் அத்தனை முறை கணக்கிட்டதற்குத் தமனி மட்டும் காரணமல்ல. 2001இல் சாஹோரெட்ஸ் என்ற ஸ்லோவாக்கிய மருத்துவர் இந்த விகிதத்தை முன்வைத்தபோது, அழற்சியை மட்டுமல்ல, உடல் படும் நெருக்கடியையும் காட்டும் அளவுகோலாகவே அதைச் சொன்னார். அச்சத்திலும் கோபத்திலும் சுரக்கும் அட்ரினலின், குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை உதிர்த்து ஓட்டத்தில் சேர்க்கிறது. அதைத் தொடரும் கார்டிசால், லிம்ஃபோசைட்டுகளை இரத்தத்திலிருந்து விலகிப் போகச்செய்கிறது. மேல் எண் ஏறி, கீழ் எண் இறங்குகிறது. இதைப் படித்த இரவில் எங்களில் ஒருவர் மற்றவரிடம் கேட்டார்: “அப்ப அட்மிஷன்ல எடுத்த 78ல கண்ணாடிக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு?”

அந்தக் கேள்விக்கு விடையில்லை. வெட்டுக்காயத்தால் ஏறியதும், இரத்த இழப்பால் ஏறியதும், வீட்டில் கேட்ட சொல்லால் ஏறியதும் ஒரே எண்ணுக்குள் கலந்து நிற்கின்றன. எந்த இயந்திரத்தாலும் அவற்றைப் பிரிக்க இயலாது. அன்று எங்கள் இரத்தத்தை எடுத்திருந்தாலும் அந்த விகிதம் உயர்ந்தே இருந்திருக்கும். நாங்கள் தேடியது காற்றா, கோபமா என்பதற்கு ஒரு சான்று. அவனிடம் கேட்கத் துணிவில்லாமல் அவனுடைய அணுக்களிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். காற்றென்றால் நாங்கள் தப்பித்தோம் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் டாப்ளர் பரிசோதனை. முழுதாக அறுந்து தைக்கப்பட்ட அல்னார் தமனியில் ஓட்டம் நன்றாக இருந்தது. பாதி அறுந்த ரேடியல், தைத்த இடத்தில் அடைபட்டிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்த மருத்துவர், தைத்த தமனிகளில் சில இப்படி அடைபடுவதுண்டு, ஒன்று நன்றாக ஓடினால் பெரும்பாலும் கைக்குக் குறையிராது என்றார். எண்கள் எல்லாம் நல்லபடியாக இறங்கின, விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. ஆயினும் ஒன்று மூடிக்கொண்டது. எங்களில் ஒருவரின் தாத்தா நாடி பார்ப்பவர். ஆண்களுக்கு வலக்கையில், கட்டைவிரலின் கீழே, மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பார். அதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்தோம். மெலிதாக ஒரு துடிப்பு இருந்தது. அது மேலிருந்து வருவதல்ல, அல்னார் வழியே உள்ளங்கைக்குள் போன இரத்தம் வளைவைச் சுற்றிக்கொண்டு எதிர்த்திசையில் வருகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

திரும்பும் வழியில் பொள்ளாச்சியில் தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தினோம். மகன் இடது கையில் டம்ளரைப் பிடித்தபடி, எங்களைப் பார்க்காமல், “அன்னிக்குக் காத்து ஒண்ணும் அடிக்கலீங்கப்பா” என்றான்.

“தெரியும் கண்ணு” என்றோம்.

“உங்க மேல இல்ல. என்மேலயும் இல்ல. கதவு எதுக்கால இருந்துச்சு, அவ்வளவுதான். சாகணும்னெல்லாம் இல்லீங்கம்மா. அத நெனச்சுப் பயந்துட்டு இருந்தீங்களா?”

ஆமாம் என்று சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னோம். அந்த வாக்கியத்துக்காக மன்னிப்பும் கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னான். மன்னித்துவிட்டான் என்று எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

அறுந்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும் என்பார்கள். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு அரையாண்டுக்கும் மேலான பயணம். வளரும் முனை எங்கே வந்திருக்கிறது என்பதைத் தோலின்மேல் தட்டிப் பார்த்து அறியலாம்; தட்டிய இடத்திலிருந்து விரலுக்கு மின்சாரம்போல ஒரு சுரீர் ஓடும். மாதத்துக்கு ஒருமுறை அவனே தட்டிப் பார்த்து, சுரீரென்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினான். கோடு மெதுவாக விரலை நோக்கி நகர்ந்தது. சுண்டுவிரலின் பிடி இன்றும் முழுமையாகத் திரும்பவில்லை. அடுத்த கல்வியாண்டில் அவன் வரலாற்றுப் படிப்பில் சேர்ந்தான். அதைப் பரிகாரம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. அவன் முன்பே கேட்டதை நாங்கள் தாமதமாகக் கேட்டோம்.

கதவில் இப்போது கண்ணாடி இல்லை, ஒட்டுப்பலகை அடித்திருக்கிறோம். ஆடிக் காற்றில் அது இப்போதும் அறைகிறது. சத்தம் கேட்டால் மூவரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு, மறுபடி தொடர்கிறோம். வெளியூரில் படிக்கும் அவன் விடுமுறைக்கு வரும்போது, சாப்பிட்டு முடித்த கையை, நாங்கள் கேட்காமலே சில வேளை நீட்டுவான். நாங்களும் நகத்தை அழுத்திப் பார்ப்போம்.